கிரேக்க எழுத்தில் மூன்று அழைப்புகள்

அக்கா பாளையங்கோட்டையிலிருந்து பேசினாள். குரலில் கலவரம். "தம்பி, இவள் ஏதோ கிரேக்கப் பெயர் வைத்த கூட்டத்தில் சேரப் போகிறாளாம். கூப்பிட்டுக் கடிதம் வந்திருக்கிறதாம். அமெரிக்க சினிமாவில் இந்த மாதிரிப் பெயர் எழுதிய வீட்டில்தான் பிள்ளைகள் குடித்துவிட்டுக் கும்மாளம் போடுகிறார்கள். நீ கொஞ்சம் விசாரி."

அக்காவைக் குற்றம் சொல்ல முடியாது. விருந்தும் கேளிக்கையுமாகப் பெயரெடுத்த ஃபிரட்டர்னிட்டிகளுக்கும், படிப்பில் முன்னிற்பவர்களை அழைத்துச் சேர்க்கும் ஹானர் சொசைட்டிகளுக்கும் ஒரே சாயலில்தான் பெயர்கள். குடும்ப உறவும் உண்டு. ஃபை பீட்டா கப்பா என்ற சங்கத்தை வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் 1776 டிசம்பர் 5 அன்று தொடங்கினார்கள். அமெரிக்கா சுதந்திரத்தை அறிவித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கிரேக்க வாசகம் ஒன்றின் முதலெழுத்துகளைப் பெயராக வைத்துக்கொள்வது, ரகசியக் கைகுலுக்கல், உறுதிமொழி எல்லாம் அங்கே இருந்தன. பின்னால் வந்த ஃபிரட்டர்னிட்டிகள் பெயர் வைக்கும் வழக்கத்தை எடுத்துக்கொண்டன. ஃபை பீட்டா கப்பா ரகசியத்தைக் கைவிட்டுப் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டது. அந்த முதல் மாணவர்கள் கூடிய இடம் ராலே டாவர்ன் என்ற மதுவிடுதி என்று சொல்வார்கள். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

அக்கா மகள் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஒரே மாதத்தில் அவளுக்கு மூன்று அழைப்புகள் வந்திருந்தன. ஒன்று டௌ பீட்டா பை, பொறியியல் மாணவர்களுக்கானது. இரண்டாவது ஃபை கப்பா ஃபை, எல்லாத் துறையினருக்கும் பொது. மூன்றாவது சங்கத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். மூன்றுக்கும் பணம் கட்டினால் அவளுடைய ஒரு மாத மளிகைச் செலவுக்குப் பக்கத்தில் வரும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவள் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. நூலகத்தில் புத்தகம் அடுக்கிச் சம்பாதிக்கும் பணத்தில்தான் இதைக் கட்ட வேண்டும். அப்பாவிடம் கேட்க மாட்டாளாம். "மாமா, ஒன்றுதான் என்றால் எது?" என்பதுதான் அவள் கேள்வி.

பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், சேருவது பற்றி யோசிப்பதற்கு முன்னால் எப்படித் தகுதி பெற்றாள் என்பதை அவளே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று தெரிந்தது. ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 3.8 இருப்பதால் அழைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

நம் ஊர்க் கணக்கில் படித்து வந்தவர்கள் எல்லோரும் முதலில் இடறும் கல் இது. அண்ணா பல்கலைக்கழகத்தில் அரியர் இல்லாமல் 8.5 சிஜிபிஏ வாங்கிவிட்டால் டிஸ்டிங்ஷன். கோடு முன்கூட்டியே போட்டிருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் அதைத் தாண்டினாலும் உங்கள் டிஸ்டிங்ஷனை யாரும் பிடுங்க மாட்டார்கள். பழைய ஹானர் சொசைட்டிகள் அப்படி வேலை செய்வதில்லை. அவை வரிசையைப் பார்க்கின்றன. டௌ பீட்டா பை மூன்றாம் ஆண்டு மாணவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கையும், நான்காம் ஆண்டில் மேல் ஐந்தில் ஒரு பங்கையும் மட்டுமே தகுதியானவர்களாகக் கொள்கிறது. ஒரு பொறியியல் கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் 240 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் 30 பேர் உள்ளே. 31-ஆவது ஆள் 3.84 வைத்திருந்தாலும் அந்த ஆண்டு வெளியேதான். பக்கத்து மாநிலத்தில் கண்டிப்பாக மதிப்பெண் போடும் கல்லூரியில் 3.6 வைத்திருப்பவர் உள்ளே இருப்பார். எனவே "எத்தனை ஜிபிஏ வேண்டும்?" என்ற கேள்விக்கு நாடு முழுவதற்கும் பொருந்தும் பதில் கிடையாது. உங்களோடு படிப்பவர்கள் யார் என்பதே பதில்.

பட்டியலைத் தருவது பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகம். மாணவர் விண்ணப்பிப்பதில்லை. பட்டியலில் பெயர் வந்தபிறகு அந்த வளாகத்தில் உள்ள சங்கக் கிளை கூடித் தேர்ந்தெடுக்கிறது. நான் எடைபோடும்போது இதைத்தான் முதலில் பார்க்கிறேன்: உங்களை வரிசைப்படுத்தியது யார்? உங்கள் பேராசிரியர்களும் உங்கள் பதிவாளரும் என்றால் அந்த அழைப்புக்கு உயிர் இருக்கிறது.

இதைக் கேட்டதும் அவள் அடுத்த கேள்வியைப் போட்டாள். எல்லோரும் பெரிதாகச் சொல்லும் ஃபை பீட்டா கப்பா ஏன் தன்னை அழைக்கவில்லை? அவளுடைய அறைத்தோழியை, ஜிபிஏ இவளைவிடச் சற்றுக் குறைவாக இருந்தும், அழைத்திருக்கிறார்களாம். தோழி படிப்பது வரலாறு.

விடை அதுதான். ஃபை பீட்டா கப்பா கலை, அறிவியல் துறைகளுக்கான சங்கம். எந்திரம், கணக்குப்பதிவு, செவிலியம் போன்ற தொழில் சார்ந்த பாடங்கள் அங்கே கணக்கில் சேர்வதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் சுமார் பத்தில் ஒன்றில்தான் அதற்குக் கிளையே இருக்கிறது, மொத்தம் 290-க்குச் சற்று மேல். கிளை இருக்கும் கல்லூரியிலும் கலை அறிவியல் மாணவர்களில் மேல் பத்து சதவீதத்துக்குள் இருந்தால்தான் பேச்சே. மூன்றாம் ஆண்டிலேயே அழைக்க வேண்டுமானால் ஐந்து முழு செமஸ்டர்களாவது முடித்திருக்க வேண்டும். இடையில் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர் என்றால், வந்த இடத்தில் குறைந்தது மூன்று முழு செமஸ்டர் படித்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எண்ணிக்கை. பலரைக் கவிழ்ப்பது இதற்கு அப்பால் உள்ள மூன்று நிபந்தனைகள். பட்டத்துக்கு உரிய 120 கிரெடிட்டில் 90 கிரெடிட் கலை அறிவியல் பாடங்களாக இருக்க வேண்டும். கல்லூரித் தரத்தில் கணிதமோ தர்க்கமோ புள்ளியியலோ ஒரு பாடமாவது முடித்திருக்க வேண்டும். தாய்மொழி அல்லாத ஒரு மொழியில் கல்லூரி இடைநிலைத் தேர்ச்சி வேண்டும். இவற்றுக்கு மேல், சொந்தத் துறைக்கு வெளியே எவ்வளவு அகலமாகப் படித்தார் என்றும் பேராசிரியர் குழு பார்க்கிறது. பொருளாதாரம் படிப்பவர் பொருளாதாரமும் கணினியும் மட்டுமே எடுத்து 4.0 வாங்கினாலும், கவிதையோ உயிரியலோ இசை வரலாறோ தொட்டுப் பார்த்த 3.9-க்குப் பின்னால் போய்விட வாய்ப்புண்டு.

நண்பர் ஒருவரின் மகனுக்கு நேர்ந்தது இதுதான். இங்கே அமெரிக்காவிலேயே பிறந்த பையன். சிறிய கலை அறிவியல் கல்லூரி, பொருளாதாரம், வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவன். பள்ளியில் இரண்டு ஆண்டு ஸ்பானிஷ் படித்தான். அது இடைநிலைக்குப் போதவில்லை. வீட்டில் தமிழ் பேசுகிறான், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் போனவன். ஆனால் எந்தத் தேர்வும் எழுதிப் பதிவு செய்யவில்லை. நான்காம் ஆண்டில் நிபந்தனையைப் படித்தபோது எடுப்பதற்கு மொழிப் பாடம் மீதி இருந்தது, செமஸ்டர் மீதி இல்லை. இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் கிளைச் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் தமிழையே தேர்வு எழுதிக் காட்ட வழி உண்டா என்று தெரிந்திருக்கும். பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் தமிழே பாடமாக இருக்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து நேராக இளநிலைப் படிப்புக்கு வருபவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. விதி கேட்பது தாய்மொழி அல்லாத மொழி. நமக்கு ஆங்கிலமே தாய்மொழி அல்லாத மொழிதானே. இதை எந்தச் சான்றோடு ஏற்றுக்கொள்வது என்பதை அந்தந்தக் கிளை முடிவு செய்கிறது. கேட்டுவிடுவது நல்லது.

கணினி படிப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். ஒரே பாடம், இரண்டு வீடுகள். பெர்க்லியில் நெடுங்காலம், மின்பொறியியலும் கணினியும் சேர்ந்த ஈஈசிஎஸ் பட்டம் பொறியியல் கல்லூரியின் கீழ் இருந்தது. கணினி அறிவியல் பி.ஏ. பட்டம் கலை அறிவியல் கல்லூரியின் கீழ் இருந்தது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே அல்காரிதம் பாடம் படித்த இருவரில் ஒருவருக்கு டௌ பீட்டா பை வாசல், மற்றவருக்கு ஃபை பீட்டா கப்பா வாசல். சேரும்போது இதை யார் யோசிக்கிறார்கள்?

பொறியாளர்களுக்குக் கதவு மூடியிருந்ததுதான் டௌ பீட்டா பை பிறந்த காரணம். பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் வில்லியம்ஸ் 1885-இல் அதைத் தொடங்கினார். சின்னமாக எடுத்துக்கொண்டது விளக்கு, நட்சத்திரம் எதுவும் இல்லை; ரயில் பாலத்தைத் தாங்கும் பென்ட் என்ற சட்டம். எனக்குப் பிடித்த விஷயம் இது. பல பொறியியல் கல்லூரி வாசல்களில் ஆளுயரத்துக்கும் மேலாக அந்தச் சட்டம் உலோகத்தில் நிற்கும். வருகிறவர்கள் அதை ஏதோ நவீனச் சிற்பம் என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு போவார்கள்.

ஃபை கப்பா ஃபை பிறந்தது 1897-இல், மேய்ன் பல்கலைக்கழகத்தில். மார்கஸ் யுரான் என்ற மாணவரின் யோசனை அது. ஒரு துறையை மட்டும் உயர்த்திப் பிடிக்காமல் எல்லாத் துறைகளிலும் முன்னிற்கும் மாணவர்களை ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பின்னாளில் அவர் வக்கீலாகி, கிரான்பெரி பழத் தோட்டக்காரராகி, ஓஷன் ஸ்ப்ரே என்ற கூட்டுறவு நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். கடையில் அந்தப் பழச்சாறு பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சங்கம் ஞாபகத்துக்கு வரும்.

இப்போது இரண்டையும் அவள் இடத்தில் நின்று பார்க்கலாம். வடிகட்டும் அளவில் ஃபை கப்பா ஃபை கொஞ்சம் இறுக்கம். மூன்றாம் ஆண்டில் 72 கிரெடிட் முடித்து, வகுப்பின் மேல் 7.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் 10 சதவீதம். டௌ பீட்டா பையின் எட்டில் ஒரு பங்கு என்பது 12.5 சதவீதம், அடுத்த ஆண்டு அது 20 ஆகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் ஃபை கப்பா ஃபைதான் பெரிது என்று தோன்றும். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் டௌ பீட்டா பையில் மதிப்பெண் பட்டியல் பாதி வேலைதான். குணநலனும் பார்க்கிறார்கள், ஏற்கெனவே உறுப்பினரான மாணவர்கள் கூடிப் பேசி வாக்களிக்கிறார்கள். பல கிளைகள், சேரப்போகிறவர் ஒரு செமஸ்டர் முழுக்கக் கூட்டங்களுக்கு வர வேண்டும், சேவைப் பணிகளில் நிற்க வேண்டும், முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்றெல்லாம் எதிர்பார்க்கின்றன. சேர்ந்தபிறகும் அந்தக் கிளை நடக்கிறது, பேசுகிறது, வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களை அழைக்கிறது. ஃபை கப்பா ஃபையில் பல வளாகங்களில் நான் கண்டவரை, வசந்த காலத்தில் ஒரு விழா, மேடையில் கைகுலுக்கல், சான்றிதழ், பெற்றோருக்குக் கேக். அதன்பிறகு அஞ்சல் மட்டும். அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: மேற்படிப்புக்கான ஃபெல்லோஷிப்கள், வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்க உதவித்தொகை. மேற்படிப்புக்குப் போகிறவருக்கு அது வெறும் கேக் இல்லை.

செலவிலும் வேறுபாடு இருக்கிறது. டௌ பீட்டா பையில் சேரும்போது ஒருமுறை கட்டினால் வாழ்நாள் முழுக்க உறுப்பினர். ஃபை கப்பா ஃபையில் சேர்க்கைக் கட்டணத்தோடு முதலாண்டுக் கணக்கு முடிகிறது. தொடர்ந்து உறுப்பினர் சலுகைகள் வேண்டுமானால் ஆண்டுச் சந்தா. மாணவர்கள் இதைக் கவனிக்காமல் கட்டிவிட்டு, அடுத்த ஆண்டு நினைவூட்டல் வந்ததும் திகைப்பார்கள்.

மூன்றாவது மின்னஞ்சலை அவள் எனக்கு அனுப்பினாள். பார்த்ததும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எம்.எஸ். முதல் செமஸ்டர் முடிந்த கையோடு எனக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. தடித்த தாள், பொன்னிற முத்திரை, லத்தீன் வாசகம். ஊருக்குப் போன் செய்து பெருமையடித்துவிட்டு, ஒரு வாரம் மதியம் பட்டினி கிடந்து பணம் கட்டினேன். சான்றிதழ் வந்தது. அதன்பிறகு காப்பீடு வாங்கச் சொல்லியும், மோதிரம் வாங்கச் சொல்லியும், சான்றிதழுக்குச் சட்டம் வாங்கச் சொல்லியும் கடிதங்கள் வந்தன. வளாகத்தில் அந்தச் சங்கத்தின் அறை எங்கே என்று தேடினேன். அப்படி ஒன்று கிடையாது. ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. அந்தச் சான்றிதழ் இன்றும் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. எறிய மனம் வரவில்லை, மாட்டவும் வெட்கம்.

இப்படிப்பட்டவற்றை அடையாளம் காண்பது கடினமில்லை. "உங்கள் வளாகக் கிளையின் ஆசிரியர் ஆலோசகர் யார்?" என்று திருப்பிக் கேளுங்கள். பெயரும் அறை எண்ணும் வந்தால் சரி. "நீங்களே உங்களைப் பரிந்துரைத்துக்கொள்ளலாம்" என்று இருந்தாலோ, இன்றிரவுக்குள் கட்டினால் தள்ளுபடி என்று இருந்தாலோ, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியை நினைத்துக்கொண்டு கடந்துவிடலாம். வரிசை பார்க்காமல் 3.0 போன்ற ஒரு தட்டையான ஜிபிஏவை மட்டும் கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யோசிக்கத்தான் சொல்கிறேன், நல்ல சங்கங்கள் சிலவும் ஜிபிஏ எண் வைத்திருக்கின்றன. 1925-இல் அமைந்த கல்லூரி ஹானர் சொசைட்டிகளின் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. பொதுச் சங்கமானால் மேல் 20 சதவீதம், துறைச் சங்கமானால் மேல் 35 சதவீதம் என்று அது குறைந்தபட்ச வரம்பு வைத்துச் சான்றளிக்கிறது. அதன் பட்டியலில் பெயர் இருந்தால் நிம்மதி. பெயர் இல்லாவிட்டால் போலி என்று அர்த்தமில்லை. தொடக்க உறுப்பினரான ஃபை பீட்டா கப்பாவே இன்று அந்தப் பட்டியலில் கிடையாது. அதற்கு யாருடைய சான்றும் தேவைப்படவில்லை.

அவளுக்கு வந்த மூன்றாவது கடிதம் ஆலோசகர் கேள்வியிலேயே விழுந்தது. பதில் மின்னஞ்சலில் பெயருக்குப் பதில் இன்னொரு தள்ளுபடி வந்தது.

எம்.எஸ். படிக்க வருபவர்கள்தான் நம்மில் அதிகம் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் வாங்கிய சிஜிபிஏ, தங்கப் பதக்கம் எதுவும் இங்கே எண்ணப்படாது. இங்குள்ள பாடங்களின் மதிப்பெண்தான் கணக்கு. ஃபை கப்பா ஃபை முதுநிலை மாணவர்களில் மேல் பத்து சதவீதத்தை எடுக்கிறது. முதுநிலை வகுப்புகளில் பெரும்பாலோர் 3.7-க்கு மேல் குவிந்து கிடப்பதால் அந்தப் பத்து சதவீதம் பல இடங்களில் 4.0-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஒரே ஒரு பி பிளஸ் வெளியே தள்ளிவிடும். மின்னணுவியல், கணினிப் பொறியியல் மாணவர்களுக்கு ஈட்டா கப்பா நூ இருக்கிறது. 1904-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2010-இல் மின்பொறியாளர்களின் சங்கமான ஐஈஈஈ அமைப்போடு இணைந்தது. இளநிலையில் மூன்றாம் ஆண்டின் மேல் கால் பங்கு, நான்காம் ஆண்டின் மேல் மூன்றில் ஒரு பங்கு என்று அதன் வாசல் கொஞ்சம் அகலம். எம்பிஏ படிப்பவர்களுக்குப் பீட்டா காமா சிக்மா: முதுநிலையில் மேல் 20 சதவீதம், அதுவும் வணிகக் கல்லூரிகளை மதிப்பிடும் ஏஏசிஎஸ்பி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருந்தால் மட்டும்.

ஆய்வு செய்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. மதிப்பெண்ணை மறந்துவிட்டு சிக்மா சை பக்கம் பாருங்கள். 1886-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சங்கம். அது வகுப்பு வரிசையைக் கேட்பதில்லை. ஆய்வில் திறமை தெரிகிறதா என்று பார்க்கிறது. உறுப்பினர்கள் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். ஆய்வுத் திறன் அரும்பும் நிலையில் இணை உறுப்பினர். சொந்தமாகச் செய்த ஆய்வை வெளியிட்டுக் காட்டிய பின் முழு உறுப்பினர். 3.4 ஜிபிஏவோடு ஆய்வகத்தில் இரவெல்லாம் கிடந்து நல்ல கட்டுரை எழுதிய பையனுக்கு வேறு சங்கங்கள் கதவு திறப்பது அரிது. இது திறக்கும்.

கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் பிள்ளைகளை நம் ஆட்கள் கல்யாண வீடுகளில் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. ஹானர் சொசைட்டியால் கைக்குப் பணம் கிடைக்க அதிக வாய்ப்புள்ளவர்கள் அவர்கள்தான் என்பது என் கணிப்பு. இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கான ஃபை தீட்டா கப்பா 1918-இல் மிசௌரியில் தொடங்கியது. 12 கிரெடிட் முடித்து 3.5 ஜிபிஏ வைத்திருந்தால் பொதுவாக அழைப்பு வரும். இங்கே வரிசை இல்லை, எண்தான். ஆனால் நாலாண்டுக் கல்லூரிகளில் நூற்றுக்கணக்கானவை, மாறி வரும் ஃபை தீட்டா கப்பா உறுப்பினர்களுக்கென்றே உதவித்தொகை ஒதுக்கி வைத்திருக்கின்றன. கட்டிய கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஒரே செமஸ்டரில் திரும்ப வரக்கூடும். வெளிநாட்டு மாணவருக்கும் உண்டா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சேர்க்கை அலுவலகத்தில் கேட்டுவிட்டு எங்கே மாறுவது என்று முடிவு செய்யலாம்.

முதலாண்டு மாணவர்களுக்கும் ஆல்ஃபா லாம்ப்டா டெல்ட்டா என்று ஒன்று உண்டு. நல்ல சங்கம்தான், 1924-இலிருந்து இருக்கிறது. பின்னால் வேறொன்று கிடைத்துவிட்டால் ரெசுமேயில் முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

இனி, இதனால் என்ன கிடைக்கும் என்று அத்திம்பேர் கேட்ட கேள்வி. வேலைக்கு ஆள் எடுப்பவனாக நான் சில ஆண்டுகள் ரெசுமே பார்த்திருக்கிறேன். டௌ பீட்டா பை என்று இருந்தால் அதே சங்கத்தைச் சேர்ந்த மூத்த பொறியாளர் நிமிர்ந்து பார்ப்பார். ஃபை பீட்டா கப்பா என்றால் சட்டக் கல்லூரிகளிலும் பதிப்பகங்களிலும் புருவம் உயரும். முதல் வேலை கிடைத்து இரண்டு ஆண்டு ஆனபின் யாரும் கேட்பதில்லை. பல்கலைக்கழகமே பட்டத்தோடு தரும் லத்தீன் கௌரவங்களுக்கு ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. அவற்றில் உச்சமானதன் பெயர் சும்மா கம் லாடே. சும்மாவா கொடுப்பார்கள் என்று அத்திம்பேர் சிரித்தார்.

அமெரிக்க அரசு வேலையில் ஒரு பயன் எழுத்திலேயே இருக்கிறது. முன்பு சொன்ன ஹானர் சொசைட்டிக் கூட்டமைப்பின் தரத்துக்கு உட்பட்ட தேசிய ஹானர் சொசைட்டி உறுப்பினர் என்றால், இளநிலைப் பட்டத்தோடு ஜிஎஸ்-5 என்ற ஊதிய நிலைக்குப் பதில் அதற்கு மேலான ஜிஎஸ்-7 நிலையில் நுழையத் தகுதி கிடைக்கும். முதலாண்டு மாணவர் சங்கங்கள் இதில் சேராது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கு. குடிமகனே ஆனாலும் 3.0 ஜிபிஏ இருந்தால் அதே தகுதி சங்கம் இல்லாமலே கிடைத்துவிடும்.

இன்னொரு நப்பாசை நம் வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிறது. அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்குத் தரும் ஈபி-1ஏ கிரீன் கார்டுக்கான அளவுகோல்களில் "சிறந்த சாதனையை நிபந்தனையாக வைக்கும் சங்கங்களில் உறுப்பினர்" என்று ஒன்று வருகிறதே, அங்கே இதைக் காட்டலாமா? அந்த விதி கேட்பது துறை வல்லுநர்கள் ஒருவரின் சாதனையை எடைபோட்டுச் சேர்த்துக்கொள்ளும் சங்கத்தை. கல்லூரி ஜிபிஏவைப் பார்த்துச் சேர்த்த மாணவர் சங்கம் அங்கே எடுபடாது. வக்கீலுக்குப் பக்கம் கூட்டலாம், அவ்வளவுதான்.

ஆக, அவளுக்கு முன்னால் மிஞ்சியது இரண்டு. நான் வேண்டுமென்றே உடனே பதில் சொல்லவில்லை. விதிகளை அனுப்பி, அடுத்த ஆண்டையும் சேர்த்து யோசிக்கச் சொன்னேன். மறுநாள் அவளே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள்.

இரண்டு சங்கங்களுக்கும் நான்காம் ஆண்டில் வாசல் அகலமாகிறது. இப்போது 7.5-க்குள் இருப்பவள் பெரிதாகச் சறுக்காவிட்டால் அடுத்த ஆண்டு 10-க்குள் இருப்பாள். ஃபை கப்பா ஃபை மீண்டும் அழைக்க வாய்ப்பு அதிகம். டௌ பீட்டா பையும் அப்படியே. அதனால் எதைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் குறைவு என்பதுதான் கேள்வி. விழாவும் சான்றிதழும் அடுத்த வசந்தத்திலும் அதே விழா, அதே சான்றிதழ்தான். ஆனால் இயங்குகிற ஒரு கிளையில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்தால் ஓராண்டு முழுதாக இருக்கலாம், பொறுப்புக்கு நிற்கலாம், மூத்தவர்கள் வேலை தேடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். நான்காம் ஆண்டில் சேர்ந்தால் பெயர் மட்டும் மிஞ்சும். இப்போது டௌ பீட்டா பை. மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பதாக முடிவானால் அடுத்த ஆண்டு ஃபை கப்பா ஃபை, அதன் ஃபெல்லோஷிப்பையும் மனதில் வைத்து. வேலைக்குப் போவதாக முடிவானால் அதுவும் வேண்டாம், அந்தப் பணத்தில் நேர்காணலுக்கு நல்ல ஷூ.

ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்த்தேன். ஒரு செமஸ்டர் கை நழுவினால் இரண்டாவது அழைப்பு வராமலே போகலாம், அதைத் தெரிந்துதான் தள்ளிப்போடுகிறாய் என்று. தெரியும் மாமா என்றாள். கூடவே பல்கலைக்கழக மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொன்னேன். அசல் அழைப்புகளும் போலிகளும் ஒரே தொனியில் எழுதப்படுவதால் மாணவர்கள் அசலையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். அறைத்தோழியின் ஃபை பீட்டா கப்பா அழைப்பு அங்கேதான் ஒன்பது நாள் கிடந்திருந்தது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு எடுத்தாள்.

போன வாரம் அக்கா மறுபடி பேசினாள். மகள் சேர்ந்துவிட்டாளாம், குடிக்கவெல்லாம் இல்லையாம், ஆனால் ஏதோ உலோகத் துண்டைக் கையில் கொடுத்து அரத்தால் ராவி, உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறார்களாம், விரலெல்லாம் காய்ப்பாம். அந்தக் கிளையில் புதிதாகச் சேர்பவர்கள் பென்ட் சின்னத்தின் முரட்டு வார்ப்பைத் தாங்களே மெருகேற்றிக் காட்டுவது வழக்கம் என்று விளக்கினேன்.

"என்ன உலோகம்?"

"பித்தளை, அக்கா."

"இதற்கா மூன்று நாளாகக் கஷ்டப்படுகிறாள்? கொஞ்சம் புளியைக் கரைத்துத் தேய்க்கச் சொல்."